விளக்கடியில் சேர்த்த சுருதி

கண் வலிக்கிறதே என்று மேசை விளக்கை அணைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. திரையில் ஓடும் அலைக்கோட்டில் அதுவரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த மேடு, யாரோ பிடித்துத் தள்ளினாற்போல வலப்பக்கம் நகர்ந்து போய் நின்றது.

கை பட்டிருக்கும் என்று நினைத்தாள். கம்பி ஆடியிருக்கும் என்று நினைத்தாள். கெட்ட சேதி வந்தால் மனசு முதலில் கதவைச் சாத்தத்தானே பார்க்கும். விளக்கைப் போட்டாள். மேடு நல்ல பிள்ளையாகப் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. அணைத்தாள், போனது. போட்டாள், வந்தது. அதற்குமேல் அந்த சுவிட்சைத் தொட அவளுக்குத் தைரியம் இல்லை.

அந்த அலுவலகத்தில் அவளுக்குச் சுருதிக்காரி என்று பெயர். பாட்டுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். குளியலறையில்கூட முணுமுணுக்க மாட்டாள். அவள் சுருதி சேர்ப்பது சிப்புகளுக்கு. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சென்சாரை அந்த நிறுவனம் செய்துகொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பொத்தான் என்றே சொல்வார்கள். சுவரில் ஒட்டிவிட்டால் ஒரே பேட்டரியில் வருஷக்கணக்காகக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். மற்ற கருவிகள் காதில் விழுகிற சத்தத்தையெல்லாம் எண்களாக்கி, கூட்டிக் கழித்து, அந்தக் கணக்கிலேயே பேட்டரியைத் தின்று தீர்த்துவிடும். இந்தச் சிப் எண்ணுவதே இல்லை. அலையை அலையாகவே வாங்கி, வேண்டாததை வடிகட்டி, வேண்டியது வந்தால் மட்டும் தூங்கிக்கொண்டிருக்கிற ரேடியோவைத் தட்டி எழுப்பும். உள்ளே எதை எதோடு இணைப்பது, எந்தச் சத்தத்துக்கு எழுப்புவது என்பதைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றி எழுதிக்கொள்ளலாம். இன்றைக்குக் கண்ணாடி உடைகிற சத்தம், நாளைக்குக் குழாய் ஒழுகுகிற சத்தம்.

ஒரே ஒரு தொல்லை. ஒரே அச்சில் வார்த்தாலும் ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒன்றுக்கு எழுதியதை அப்படியே இன்னொன்றுக்கு எழுதினால் சரிப்படாது. ஒவ்வொன்றையும் தனியாக உட்காரவைத்து, திரையில் அந்த மேடு சரியான இடத்தில் வந்து நிற்கும்வரை தாஜா பண்ண வேண்டும். மேடு எங்கே நிற்கிறதோ, அந்தச் சத்தம்தான் அதன் காதில் விழும். அதற்குப் பொறுமை வேண்டும். அவளுக்கு அது இருந்தது.

இன்னொரு விஷயமும் அவளுக்குத் தெரியும். சிப்புக்குள் ஓடுகிற மின்சாரம் சொற்பத்திலும் சொற்பம். மூடி போடாமல் திறந்து கிடக்கிற சிப்பின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டாலே போதும், அந்தச் சொற்பத்திலும் ஒரு பங்கு கசிந்து போய்விடும். வெளிச்சத்தில் ஒரு காது, இருட்டில் வேறொரு காது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே வாய் வலிக்கச் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான் இது. சிப்புகள் எப்போதும் கறுப்புப் பிசின் மூடியோடு அவள் மேசைக்கு வருவதால், பாடம் வாயோடு நின்றுவிட்டது. இன்றைக்கு ஏதோ பரிசோதனைக்காக மூடி போடாத ஒன்றை வைத்திருந்தாள். இதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் மூடி போடாதவற்றை அவள் தொட்டிருந்தாள். இதே விளக்குக்கு அடியில்தான் அவற்றுக்குச் சுருதி சேர்த்தாள். பிறகு தன் கையாலேயே கறுப்புப் பிசினை ஊற்றி மூடினாள். அந்த ஐந்து பொத்தான்களும் இப்போது அவள் புருஷன் வேலை செய்கிற கோல்டு ஸ்டோரேஜின் மிஷின் ரூம் சுவரில் இருந்தன.



அவன் அங்கே மெக்கானிக். அமோனியாவை அழுத்தி அழுத்தித்தான் அந்தக் கிடங்கு குளிர்கிறது. அமோனியா இருக்கிற இடத்தில் மனுஷனுக்கு மூக்குதான் முதல் காவல்காரன். கொஞ்சம் கசிந்தாலே நெடி மூக்கைத் துளைக்கும். கூடுதலானால் கண்ணைப் பறிக்கும், மூச்சை அடைக்கும், ஆளையே முடித்துவிடும். அவனுடைய மூக்கு அந்த வட்டாரத்திலேயே பேர்போனது. வாசலில் நின்றபடியே எந்த வால்வு ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவான் என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார்.

போன வருஷம் வந்த ஒரு ஜுரம் அந்த மூக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் அவளுக்கே தெரியாது. அடிப்பிடித்ததைப் போட்டாலும் அருமை என்று சாப்பிட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தாவது மனுஷனுக்குப் புத்தி வந்ததே என்று இவளும் உச்சி குளிர்ந்து போனாள். ஒருநாள் பால் பொங்கி வழிந்து, கருகிய நாற்றம் தெருவரைக்கும் போக, அவன் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் குட்டு உடைந்தது.

வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வரவில்லை. மூக்கில்லாத மெக்கானிக்கை அமோனியா பக்கத்தில் யார் வைத்துக்கொள்வார்கள்? அவனுக்கு வேறு வேலையும் தெரியாது. தெரிந்துகொள்ளும் வயதும் இல்லை. ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு ஒருநாள், கூட வேலை செய்கிற நெட்டை தூரத்திலிருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, அண்ணே, பக்கத்திலேயே நிக்கிறீங்களே, தெரியலையா என்று கேட்டுவிட்டான். உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன் என்று சிரித்துச் சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தவன், கட்டிலில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நடுக்கம்தான் அவளை அவசரப்படுத்தியது. அழுத்தத்தில் இருக்கும் வாயு ஒரு சின்னத் துளை கிடைத்தாலும் சீறும். அந்தச் சீறல் மனுஷக் காதுக்கு எட்டாத உச்சத்தில் இருக்கும், சிப்புக்கு எட்டும். சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தபோது அந்தக் கிடங்கைச் சொன்னாள். கிடங்கின் முதலாளியும் தலையாட்டினார். மூடி போட்ட சிப்புகள் வர நாளாகும் என்றார்கள். நாளாகட்டும் என்று இருக்க அவளால் முடியவில்லை. திறந்த சிப்புகளை எடுத்தாள். கண்ணும் கருத்துமாக, தன் வாழ்நாளில் வேறெதற்கும் காட்டாத அக்கறையோடு அந்த ஐந்துக்கும் சுருதி சேர்த்தாள். ஒட்டிய அன்று அழுத்தக் காற்று அடைத்த டப்பாவைப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்துப் பீய்ச்சினாள். பொத்தான்கள் சொல்வதைக் காட்ட அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை சிவப்பாகித் துடித்தது. ரெண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால் செவிடன்கூடத் திரும்பிப் பார்ப்பான் என்று அவளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

பட்டை அன்றிலிருந்து பச்சையாகவே இருந்தது. அவள் போனிலும் ஐந்து பச்சைப் புள்ளிகள். பஸ்ஸில், சாப்பாட்டு மேசையில், எங்கே நேரம் கிடைத்தாலும் எடுத்துப் பார்த்துக்கொள்வாள். மனசு ஆறும். பேட்டரி உயிரோடு இருக்கிறது, சீறல் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் பச்சைக்கு அர்த்தம். செவிடாகிப்போன காதுக்கும் எதுவும் கேட்காது. இருட்டில் மேடு நகர்ந்து போய் நிற்கிற உச்சத்தில் வௌவால்கூடப் பேசாது. இத்தனை நாளும் அந்த ஐந்து பொத்தான்களும் யாருமே இல்லாத இடத்தில் காதை வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன.

இன்றைக்கு ஆயில் இறக்குகிற நாள். காலையில் சட்டையை மாட்டும்போது அவன்தான் சொன்னான். கம்ப்ரசரிலிருந்து அமோனியாவோடு கலந்து போகிற எண்ணெய் தொட்டியின் அடியில் தேங்கும். அதை வால்வைத் திறந்து வடிக்க வேண்டும். எண்ணெய் தீர்ந்ததும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அமோனியா வரும். அந்த நொடியை மூக்கால் பிடித்து வால்வை அடைக்க வேண்டும்.

அவனுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மிஷின் ரூமில் போனை அலமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் வேலை செய்வார்கள். மறுபடி போட்டாள். பிறகு கிடங்கின் ஆபீஸுக்குப் போட்டாள். கணக்கு எழுதுகிற அம்மா எடுத்தார்.

"உள்ள ஆயில் இறக்கிட்டு இருக்காங்கம்மா. முடிச்சதும் பேசச் சொல்றேன்."

"இல்லம்மா, இப்பவே வெளிய வரச் சொல்லுங்க. வீட்டுல ஒரு அவசரம்."

"யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

அந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பொத்தான்களுக்குக் காது கேட்காது, அவருக்கு மூக்கு கிடையாது, ஓடிப் போய் இழுத்து வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். தொண்டைவரை வந்தது. முதலாளி முகமும், வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிற அவன் முகமும் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. இல்லை, யாருக்கும் ஒன்றுமில்லை என்றாள். அப்படியா, சரி, சொல்லிவிடுகிறேன் என்று அந்த அம்மா நிம்மதியாகப் போனை வைத்துவிட்டார்.

கைப்பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். தெருவில் கிடைத்த வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்து, வேகமாகப் போகச் சொன்னாள். டிரைவர் நல்ல மனுஷன். ஆனால் வாய் ஓயாது. மழை வருமா வராதா என்பதில் அவருக்கு ஆயிரம் கருத்து இருந்தது. ஒவ்வொரு சிக்னலும் அவளுக்காகவே காத்திருந்து சிவப்பானது. மடியில் போன். போனில் ஐந்து பச்சை. இதுவரை அவள் வாழ்க்கையில் பார்த்த எதுவும் அந்தப் பச்சையைப் போல அவளைப் பயமுறுத்தியதில்லை. ஒன்றாவது சிவப்பாகாதா என்று வேண்டிக்கொண்டாள். சிவப்பானால் அவன் வெளியே ஓடிவருவான். எந்தப் புள்ளியும் அசையவில்லை.

முதலாளியின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு விரலை அதன்மேல் வைத்தாள். எடுத்தாள். ஒருவேளை அந்த அம்மா சொல்லி அவன் வெளியே வந்திருப்பானோ? வந்திருந்தால் போன் பண்ணியிருக்க மாட்டானா? வால்வு எப்போதும்போல ஒழுங்காக அடைபட்டிருந்தால், இவள் வாயாலேயே அவன் வேலையைக் கெடுத்தது போலாகாதா? இப்படியே மென்று முழுங்கிக்கொண்டு பாதித் தூரம் போய்விட்டாள். பிறகுதான், வேலை போன புருஷனோடு குடும்பம் நடத்தலாம் என்று பட்டது. அழுத்தினாள். முதலாளி வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப அழுத்தினாள். இவ்வளவு நேரம் யோசித்தாயல்லவா, அனுபவி என்பதுபோல அந்த பீப் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கிடங்கு வாசலில் காவலாளி சிரித்து வரவேற்றார். எல்லாம் அமைதியாக இருந்தது. ஒரு லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியைப் பார்த்ததும் அவள் நடை கொஞ்சம் தளர்ந்தது. அசட்டுத்தனமாக ஓடிவந்துவிட்டோமோ என்று வெட்கம்கூட எட்டிப்பார்த்தது. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் மிஷின் ரூமுக்குத் திரும்பினாள். காற்று அந்தத் திருப்பத்தில்தான் எதிரே வந்தது. நெடி மூக்கில் ஊசி மாதிரி ஏறியது.

கதவு திறந்திருந்தது. உள்ளே கம்ப்ரசர்கள் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தன. அவன் தொட்டிக்கு எதிரே குனிந்து நின்று, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்துவிட்டு மணிக்கட்டைப் பார்த்தான். மறுபடி குனிந்தான். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. அவள் கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அவன் தற்செயலாகத் திரும்பி அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இதோ வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, ஸ்பானரோடு வால்வுக்குத் திரும்பினான்.

கதவுக்கு வெளியே சுவரில் சிவப்பாக ஓர் அவசரப் பொத்தான் இருந்தது. அதை அறைந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கண்ணில் மிளகாயை அரைத்துப் பூசினாற்போல எரிந்தது. என்ன ஏது என்று கேட்டபடியே அவன் அவள் இழுத்த இழுப்புக்கு வந்தான். சைரன் அலறியது. கம்ப்ரசர்கள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டு நின்றன. அப்போது எழுந்த அமைதியில், திறந்த கதவு வழியாக அந்தச் சீறல் மனுஷக் காதுக்கே கேட்டது. வால்வின் கழுத்துப் பக்கம் எங்கோ சன்னமாக ஆரம்பித்து, கேட்டுக்கொண்டிருக்கும்போதே பெரிதாகிக்கொண்டிருந்தது. சுவரில் ஐந்து பொத்தான்களும் சும்மா இருந்தன.

எல்லோரும் முன்பக்கம் ஓடினார்கள். மாடியில் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்த நெட்டை ஏணியில் இறங்கி இருமிக்கொண்டே வந்து சேர்ந்தான். முதலாளி கையில் போனோடு வெளியே வந்தார். பதறுகிற ஆள் இல்லை அவர். தலைகளை எண்ணிப் பார்த்தார், எல்லோரும் இருந்தார்கள். வெளியே இருக்கிற பெரிய வால்வை அடைத்தாயிற்றா என்று கேட்டார். அடைத்தாயிற்று என்றார்கள். ஆனால் தொட்டியில் இருப்பது வந்துகொண்டுதான் இருக்கும், உள்ளே போய் அந்தச் சின்ன வால்வை அடைத்தாக வேண்டும். முதலாளி ஆபீஸ் அலமாரியிலிருந்து முகமூடியை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார்.

"நீயே போயிட்டு வாப்பா. உன் மூக்கு இருக்கறப்ப நமக்கென்ன பயம்?"

அந்த முகமூடியில் வாயுவைப் பிடிக்கிற வடிகட்டி ஒன்று உண்டு. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே நெடி அடிக்க ஆரம்பித்தால் வடிகட்டி தீர்ந்துவிட்டது, அந்த நொடியே ஓடி வந்துவிடு என்பதுதான் விதி. வேறு எச்சரிக்கை கிடையாது. இது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் வாங்கிக்கொண்டான். வாரைத் தலைக்குப் பின்னால் இழுத்து மாட்டும்போது அவளைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் கெஞ்சியதே இல்லை.

"அவருக்கு வாசனை தெரியாதுங்க" என்றாள்.

முதலாளிக்குப் புரியவில்லை. ஏதோ பெண்பிள்ளை பயத்தில் உளறுகிறாள் என்பதுபோலப் பார்த்தார்.

"மூக்கே இல்லைங்க அவருக்கு. ஒரு வருஷமா. நெடி உள்ள வந்தாலும் தெரியாது. அவர அனுப்பாதீங்க."

நெட்டைதான் முதலில் அசைந்தான். அண்ணனைப் பார்த்தான், அன்றைக்கு நடந்ததெல்லாம் இப்போது விளங்கியது என்பது முகத்திலேயே தெரிந்தது. முகமூடியை மெதுவாக அவன் தலையிலிருந்து கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, எந்த வால்வு அண்ணே, எந்தப் பக்கம் சுத்தணும் என்று மட்டும் கேட்டான். இவன் சொன்னான்.

நெட்டை பின்பக்கம் ஓடினான். அங்கே போவது வேறொரு வீட்டுப் பிள்ளை. தான் செய்த செவிட்டுப் பொத்தான்களை நம்பி வளரவிட்ட கசிவை அடைக்கத்தான் அவன் போகிறான். அவனுக்கு ஏதாவது ஆனால் அவன் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். கட்டடத்தின் மூலையையே பார்த்தாள். நெட்டை அந்த மூலையில் தலை காட்டி, முகமூடியைப் பிய்த்தெடுத்து, கீழே உட்கார்ந்து வாந்தியெடுத்தான். அடைத்துவிட்டேன் என்று கையை மட்டும் ஆட்டினான்.

முதலாளி அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மெக்கானிக்கிடம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார்கள், திட்டியிருந்தால் தேவலாம். கையை நீட்டினார். அவன் இடுப்பிலிருந்த மிஷின் ரூம் சாவிக்கொத்தைக் கழற்றி அந்தக் கையில் வைத்தான்.

வாசலுக்கு வெளியே ஒரு மர நிழலில் உட்கார்ந்தார்கள். அவன் கண் ரெண்டும் ரத்தமாகச் சிவந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்கவே எல்லாவற்றையும் சொன்னாள். மூடி இல்லாத சிப், மேசை விளக்கு, நகர்ந்து போன மேடு, போனில் அந்த அம்மாவிடம் சொன்ன பொய். ஒன்றையும் மறைக்கவில்லை. என்னால்தான் எல்லாம், உங்களைக் கொல்லப் பார்த்தேன் என்றாள். வேலை போனதற்காக அவன் கோபப்படுவான், அல்லது நெட்டை முன்னால் அவமானப்படுத்தியதற்காக. அதற்குத்தான் தயாராக இருந்தாள்.

அவன் கோபப்படவில்லை. மணிக்கட்டிலிருந்த பட்டையைக் கழற்றத் தெரியாமல் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கண்ணு ரொம்ப நேரமா எரிஞ்சுது" என்றான். "தொண்டையும் கரகரன்னுச்சு. ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுது. வெளிய போயிரலாம்னு கதவுவரைக்கும் வந்தேன்."

"வந்திருக்கலாமேங்க."

"கையப் பாத்தேன். பச்சையா இருந்துச்சு. நீ செஞ்சதாச்சே, தப்பா சொல்லுமான்னு திரும்பிப் போயிட்டேன்."

துடைத்துக்கொண்டிருந்த கை அவன் கன்னத்திலேயே நின்றுவிட்டது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அவன் பக்கத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்போதே, காரில் வந்தபோது இருந்ததைவிட அதிகமாக நடுங்க ஆரம்பித்தாள்.